டெல் பவர்எட்ஜ் ஆர்720: வீட்டுச் சேமிப்பகமாக

2012இல் வெளிவந்த இந்தச் சர்வரை, கோவையில் அலுவலகக் கழிவுக் கணினிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் எடுத்தேன். 3.5 அங்குல வட்டுகள் எட்டினைத் தாங்கும் உடல், பிழைதிருத்தும் இசிசி நினைவகம், ஒன்று பழுதானாலும் மற்றொன்று சுமக்கும் இரட்டை மின்வழங்கி ஆகியவை பழைய பொருளின் விலைக்குப் புதிய வீட்டுச் சேமிப்புப் பெட்டி எதிலும் கிடைக்கா.

ஆனால் இதனுடன் வந்த பெர்க் எச்710 என்னும் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை, வட்டுகளைத் தன் ரெய்டு அமைப்புக்குள் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) மறைத்தே காட்டும். வட்டுகளை நேரடியாகப் பார்க்க விரும்பும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸுக்கு அது ஒத்துவராது என்பதால், இசட்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தும் சேமிப்பக இயங்குதளமான ட்ரூநாஸை நிறுவுவோர் அட்டையின் ஃபர்ம்வேரை (அதனுள் பதிந்த மென்பொருளை) மாற்ற வேண்டும், அல்லது வட்டுகளை நேரடியாகவே காட்டும் எச்பிஏ அட்டை ஒன்றைத் தனியே வாங்க வேண்டும்.

மின்செலவுதான் உண்மையான விலை. சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுத்தால், இரு மாதக் கணக்கில் ஏறத்தாழ 173 யூனிட் ஆகிறது. அரசு தரும் இலவச 100 யூனிட்டை இதுவே விழுங்கிவிடும். தேவைக்கு ஒரு செயலி போதும், இரண்டாவதைக் கழற்றிவிடலாம்.

இயக்கிய உடன் ஆறு சிறு விசிறிகளும் முழு வேகத்தில் அலறிப் பிறகே அடங்கும். ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) வைத்தால் வந்த விருந்தாளியிடம் பேச முடியாது. தறிச்சத்தத்துக்குப் பழகிய சோமனூர்க்காரர்கள் வேண்டுமானால் பொறுத்துக்கொள்வார்கள். வட்டுகளைப் பொருத்திச் செருகும் தட்டுகள் எட்டும் உள்ளனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பல பெட்டிகள் அவை இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன.