மூட்டு வலி ஊசி: பலன் உண்டு, ஆனால் போடலாமா?

இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்க்கு மாதாந்திர ஊசி போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் செம்பிக்கு லிப்ரெலா என்ற அந்த மாதாந்திர வலி ஊசியை ஓராண்டுக்கும் மேலாகப் போட்டு வருகிறோம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளரும் கலப்பின நாய், வயது பதினொன்று.

பலன் கண்கூடு. முன்பெல்லாம் எழும்போது முன்னங்கால்களை ஊன்றிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் வழவழப்பான தரையில் வழுக்கிக்கொண்டே இருப்பாள். இப்போது சாவிச் சத்தம் கேட்டால் ஒரே உந்தலில் எழுந்து கதவருகே நிற்கிறாள். தேய்ந்த மூட்டை இந்த ஊசி சரிசெய்யாது. வலியைத் தூண்டும் ஒரு புரதத்தைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

என் கோபம் மருந்தின் மேல் இல்லை, வலியை எடைபோடும் விதத்தின் மேல். கால்நடை மருத்துவரின் மருந்தகத்தில் நாலடி நடக்கவிட்டு, "நன்றாகத்தான் நடக்கிறாளே" என்கிறார்கள். புது இடத்துப் பதற்றத்தில் நாய் வலியை மறைத்துவிடும். எக்ஸ்ரேயை மட்டும் நம்பவும் முடியாது; மோசமாகத் தெரியும் மூட்டில் வலி குறைவாக இருக்கலாம், லேசாகத் தெரிவதில் கடுமையாகவும் இருக்கலாம். வலியின் உண்மை நிலவரம் வீட்டில்தான் தெரியும்: தூங்கி எழும் நேரம், படியேறத் தயங்குவது, இரவில் இடம் மாறி மாறிப் படுப்பது. இதற்கென்றே லிவர்பூல், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. நிரப்பச் சில நிமிடம் போதும். எங்களிடம் ஒருவரும் அதைத் தரவில்லை. நானே தேடி நிரப்பி, ஊசியின் கடைசி வாரத்தில் வலி ஏறுவதைத் தாளில் காட்டிய பிறகுதான் உடல் எடை, வலி மாத்திரை, அதற்கு முன் பார்க்க வேண்டிய சிறுநீரக, கல்லீரல் இரத்தப் பரிசோதனை என்றெல்லாம் பேச்சே எழுந்தது. இது நியாயமா?

இந்த ஊசி போட்ட நாய்களுக்கு நடையில் தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் வந்ததான புகார்கள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. முதல் ஊசிக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

செம்பிக்கு அடுத்த ஊசியும் போடுவேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் வீடெங்கும் ரப்பர் பாய் விரியுங்கள், நாயின் எடையைக் குறைத்துவிடுங்கள், இரண்டு வாரம் அந்தத் தாளை நிரப்புங்கள். அதை வாங்கிப் படிக்கும் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே நாய்க்கு ஊசி போடச் சொல்லுங்கள். உங்களுக்கென வீட்டில் வைத்திருக்கும் இபுபுரோஃபன் வலி மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.