இன்சிடென்ட் ஃபார்மா, கேஸ் ஷீட்டா, நேரில் பார்ப்பதா? நோயாளி பாதுகாப்புக்குத் தகவல் திரட்டும் வழிகள்

ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, நாமக்கல் என்று கொங்கு நாட்டு ஊர்களில் ஐம்பது, நூறு படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் நிறைய. ஆஸ்பத்திரித் தரத்துக்குத் தேசிய அளவில் தரும் என்.ஏ.பி.எச். சான்றிதழுக்குத் தயாராகும்போதுதான் பல இடங்களில் இந்தக் கேள்வி முதல்முறையாக எழுகிறது: சிகிச்சைக்கு வந்தவருக்கு நம் கையாலேயே என்னென்ன கெடுதல் நடக்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது? உடனே, தவறோ விபத்தோ நடந்தால் ஊழியர்கள் எழுதித் தர ஒரு இன்சிடென்ட் ஃபார்ம் அச்சடித்து வார்டுக்கு வார்டு வைத்துவிடுகிறோம். மாதக் கடைசியில் இரண்டு மூன்று ஃபார்ம் வருகிறது. ஒருவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், ஒரு கட்டிலின் பக்கக் கம்பி நிற்கவில்லை. ‘போன மாதத்தைவிடக் குறைவு’ என்று மினிட்ஸில் எழுதிக் கூட்டத்தை முடித்துக்கொள்கிறோம்.

ஃபார்ம் குறைவாக வந்தால் தவறு குறைவு என்று அர்த்தமில்லை. பல இடங்களில் அது எழுதப் பயம் என்பதன் அடையாளம்தான். அந்த எண்ணை வைத்து ஆஸ்பத்திரியை எடைபோடுவதை முதலில் நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் எதை வைப்பது என்பதற்குத்தான் இந்த அலசல்.

எல்லா வழிகளையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்ப்போம். இது கற்பனை இரவுதான். ஆனால் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு நடக்கக்கூடியது என்று தெரியும்.

நம் ஊரில் இன்சுலின் வயலில் (மருந்துக் குப்பியில்) இரண்டு வலிமை உண்டு: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. இரவு பத்து மணி, வார்டில் ஒரே சிஸ்டர். டாக்டர் எழுதியது 20 யூனிட் நீண்ட நேர இன்சுலின், வயல் 100 வகை. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. கையில் கிடைத்த சிவப்பு மூடியை எடுத்து 20 என்ற கோடு வரை இழுக்கிறார். அந்தக் கோடு அரை மில்லி. உள்ளே போனது 50 யூனிட். விடியற்காலை நான்கு மணிக்கு நோயாளிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை 42. டியூட்டி டாக்டர் ஓடி வந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றுகிறார், நோயாளி கண் விழிக்கிறார். கேஸ் ஷீட்டில் ‘20 யூனிட் கொடுக்கப்பட்டது’ என்று சிஸ்டர் முன்பே எழுதிவிட்டார். அவர் அறிந்தவரை அது உண்மையும்கூட.

முதலில் இன்சிடென்ட் ஃபார்ம். இந்த இரவு அதில் வருமா? வராது. தவறு நடந்ததே சிஸ்டருக்குத் தெரியாது. ‘சாப்பாடு சரியாச் சாப்பிடல போல, லோ சுகர் ஆயிடுச்சு’ என்று, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் சொல்லிவிட்டுப் போவார். ஃபார்ம் விஷயத்தில் மிரட்டலைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் பயத்துக்கு முந்தியது இந்த அறியாமை. அமெரிக்க அரசின் சுகாதாரத் துறைத் தணிக்கை அலுவலகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நோயாளிக்கு நேர்ந்த கெடுதல்களில் சுமார் 14 சதவீதம்தான் ஆஸ்பத்திரிகளின் சம்பவப் பதிவில் ஏறியிருந்தது. விடுபட்டவற்றில் பெரும்பாலானவற்றை, எழுத வேண்டிய விஷயம் என்றே ஊழியர்கள் நினைத்திருக்கவில்லை.

பயமும் இருக்கிறது. ஃபார்ம் எழுதினால் மெமோ வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஒருமுறை பார்த்த சிஸ்டர் மறுபடி எழுத மாட்டார். இப்படித் தரும் தகவலுக்கு அமெரிக்காவில் 2005இல் ஒரு சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் நிர்வாகம்தான் வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் படிவத்தில், இதை அனுப்புவது யாருடைய தவறையும் ஒப்புக்கொள்வதாகாது என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. நம் ஃபார்மிலும் அந்த வரியைப் போட யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இவ்வளவு குறை இருந்தும் ஃபார்மைக் கைவிடக் கூடாது. நோயாளியைத் தொடாமல் தப்பிய தவறு வேறெங்கும் பதிவாகாது. ஊசி போடும் முன் ‘ஐயோ, இது சிவப்பு மூடி’ என்று கவனித்து மாற்றிக்கொண்ட சிஸ்டரின் அனுபவம் கேஸ் ஷீட்டில் ஏறாது. அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அந்த ஒரு வரி கிடைத்தால் மறுநாளே வார்டிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துவிடலாம்.

அடுத்தது கேஸ் ஷீட்டை அலசுவது. 1991இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு நியூயார்க் மாநிலத்தில் 51 ஆஸ்பத்திரிகளின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, 3.7 சதவீத அட்மிஷன்களில் சிகிச்சையாலேயே கெடுதல் நடந்திருப்பதாகக் கண்டது. அந்த அளவு வேலை நம்மால் ஆகாது. ஆனால் அதன் சுருக்க வழி ஒன்று உண்டு, ‘ட்ரிக்கர் டூல்’ என்பார்கள். டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டுகளில் குருட்டாம்போக்காக இரண்டு வாரத்துக்குப் பத்து எடுக்க வேண்டும். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. சில தடயங்களை மட்டும் தேடினால் போதும்: சர்க்கரை 50க்குக் கீழே போனதா, வைட்டமின் கே (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து அதிகமானால் போடுவது) போட்டார்களா, திடீரென்று ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்களா, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்களா, முப்பது நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனாரா. ஒரு ஷீட்டுக்கு 20 நிமிடம்தான், அதற்கு மேல் உட்காரக் கூடாது. இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள, ஒரு டாக்டர் உறுதி செய்வார்.

நம் இரவு இதில் மாட்டும். சர்க்கரை 42 என்ற எண்ணும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய வரியும் ஷீட்டில் இருக்கின்றன. யாரும் தவறு என்று எழுதாவிட்டாலும் தடயம் தங்கிவிட்டது. 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு மூன்று ஆஸ்பத்திரிகளின் 795 கேஸ் ஷீட்டுகளில் வழிகளை ஒப்பிட்டது. ட்ரிக்கர் டூல் 354 கெடுதல்களைக் கண்டது. பில்லிங் குறியீடுகளை வைத்துக் கணினி கண்டது 35. ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுத்தவை 4.

ஆனாலும் ஏன் 42க்கு இறங்கியது என்பதை ஷீட் சொல்லாது. அதில் ‘20 யூனிட்’ என்றுதானே இருக்கிறது. இன்னொன்று, ஷீட்டை நேர்மையாக எழுதியிருக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே பி.பி. நிரப்புகிற வார்டில் எத்தனை ஷீட் புரட்டினாலும் பயனில்லை. அங்கே முதலில் ஆள் பற்றாக்குறையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது மூன்றாவது வழியில், பக்கத்தில் நின்று பார்ப்பதில். பார்மசிஸ்ட் ஒருவர் மருந்து கொடுக்கும் நேரத்தில் சிஸ்டரோடு கட்டில் கட்டிலாகப் போகிறார். எந்த வயல், எந்த சிரிஞ்ச், எந்தக் கோடு வரை, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று தன் நோட்டில் குறிக்கிறார். பிறகு டாக்டர் எழுதிய ஆர்டரோடு ஒத்துப் பார்க்கிறார். அவர் நின்றிருந்தால் சிவப்பு மூடியும் 100 வயலும் ஒரே ட்ரேயில் இருப்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும். பார்த்தவுடன் தடுத்தாக வேண்டும், குறித்துக்கொண்டு சும்மா நிற்பது கூடாது.

மருந்துத் தவறைப் பொறுத்தவரை இதற்கு ஈடான வழி இல்லை என்பது என் எண்ணம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36 நிறுவனங்களில் 2,556 டோஸ்களை மூன்று வழியிலும் சோதித்தார்கள். உறுதியான தவறுகள் 457. நேரில் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது 300, கேஸ் ஷீட் அலசல் காட்டியது 17, இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் இருந்தது ஒன்றே ஒன்று.

செலவு அதிகம், ஆள் நேரம் போகும், கண் முன்னால் ஆள் நின்றால் எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள் என்று மறுப்புச் சொல்வார்கள். கை கழுவும் விஷயத்தில் அந்த மறுப்பு ரொம்பச் சரி. யாராவது பார்க்கிறார்கள் என்றால் சானிடைசர் பாட்டில் வேகமாகக் காலியாகும். மருந்து விஷயம் அப்படியல்ல. தவறு என்று தெரியாமலே செய்கிற தவறு, பார்வைக்குப் பயந்து மறையாது. அந்த சிஸ்டர் பார்மசிஸ்ட் முன்னாலும் அதே சிவப்பு மூடியைத்தான் எடுத்திருப்பார். வாரத்துக்கு ஒரு ரவுண்டு போதும். ஒரு வாரம் காலை என்றால் மறுவாரம் இரவு. இரவை விட்டுவிட்டால் பாதி உண்மை கிடைக்காது.

நான்காவது வழி நாம் அதிகம் மதிக்காதது: கூட இருக்கும் அட்டெண்டர். நம் பக்கத்தில் நோயாளி தனியாகப் படுத்திருப்பது அபூர்வம். காங்கேயத்திலிருந்து வந்த பெரியவரின் மனைவி மூன்று நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 யூனிட் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் நிறையும், சிவப்பில் சரிபாதி. அவர் கேட்கிறார்: “ஏனுங் சிஸ்டர், நேத்துக் கால்வாசிகூட இல்லீங்களே, இன்னைக்குப் பாதி வரைக்கும் இருக்குதுங்க?” “டாக்டர் எழுதுனதுதாங்கம்மா, நீங்க பயப்படாதீங்க” என்று பதில் வருகிறது. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த மிகச் சரியான பாதுகாப்புத் தகவல் அந்தக் கேள்விதான். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

டிஸ்சார்ஜ் நாளில் கொடுக்கும் ஃபீட்பேக் ஃபார்ம் இதைப் பிடிக்காது. கேன்டீன் எப்படி, ரூம் சுத்தமா, ரிசப்ஷன் மரியாதையா என்றுதான் அது கேட்கிறது. “இங்க இருந்தப்ப எதையாச்சும் பாத்து இது சரியில்லையேன்னு தோணுச்சுங்களா?” என்று வார்டைச் சேராத ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். திருப்பூரில் இது இன்னும் கடினம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்க்காரர்கள் அட்மிட் ஆகும்போது கூட வருபவருக்கு நம் ஃபார்மைப் படிக்கவே முடியாது. அவர்களுடைய அனுபவம் நம் தகவலில் அடியோடு விட்டுப்போகிறது. இந்தி தெரிந்த ஒருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே நிலைமை மாறும்.

மரணத் தணிக்கை பற்றிச் சுருக்கமாக. பிரசவத்தில் தாய் இறந்தால் அதை ஆராய்வது தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே நடக்கிறது. இறந்தவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். தேசிய வழிகாட்டுதலும் கலெக்டர் கூட்டத்துக்கு உறவினரை அழைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு 2001-03இல் 134 ஆக இருந்தது, 2018-20இல் 54. அதற்குப் பல காரணங்கள் உண்டு, தணிக்கையும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து. ஆழமான வழி. ஆனால் நோயாளி பிழைத்துக்கொண்ட நம் இரவு அதன் வாசலுக்கே வராது.

நூறு படுக்கைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நான் சொல்வது: எண்ணிக்கைக்கு ட்ரிக்கர் டூலை மட்டும் நம்புங்கள், மாதம் இருபது ஷீட். காரணம் தெரிய வாரத்துக்கு ஒரு மருந்து ரவுண்டில் பார்மசிஸ்டை நிறுத்துங்கள். இன்சிடென்ட் ஃபார்மை எண்ணுவதை விட்டுவிட்டு, ஹேண்டோவரில் ‘இந்த ஷிப்டில் எது தப்பிச்சது’ என்று வாய்மொழியாகக் கேட்டுப் பெயரில்லாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வழிகளுக்கு மேல் ஆள் ஒதுக்க முடியாதென்றால் ஷீட் அலசலையும் ரவுண்டையும் வைத்துக்கொள்ளலாம். மெடிக்கல் காலேஜ் அளவுள்ள இடங்களில் கணினிப் பதிவு இருந்தால், சர்க்கரை 50க்குக் கீழே போன பட்டியலைத் தினமும் லேபிலிருந்தே எடுத்துவிடலாம், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

ஷீட் பார்க்கும் இரண்டு நர்ஸுகளை அடிக்கடி மாற்றாதீர்கள். ஆள் மாறினால் கண்ணும் மாறும், எண்ணும் மாறும். கிடைத்ததை ஆயிரம் நோயாளி நாளுக்கு (ஒருவர் ஒரு நாள் படுத்திருந்தால் ஒரு நோயாளி நாள்) எத்தனை என்று கணக்கிட்டு, சொந்த ஆஸ்பத்திரியின் முந்தைய மாதங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிட இந்த எண் உதவாது. முதல் சில மாதம் எண் ஏறத்தான் செய்யும். தேடிப் பழகிய கண்ணுக்கு அதிகம் தெரிகிறது என்று நிர்வாகத்திடம் தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள்.