ஊருக்கு மூணு பெயரா, பெயருக்கு ரெண்டு ஊரா?

குழப்பம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், ஆனால் நீலகிரிக்காரர்களுக்கு அதில் ரெண்டு ரகம் உண்டு.

ஒன்று, ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று ஒரே ஊருக்குப் பல பெயர். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஒரு குடும்பம் 'உதகமண்டலம்' பலகையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஊட்டிக்குப் போகாதா?" என்று கேட்டது. போகும், ஏறுங்க என்றேன், அவ்வளவுதான்.

இன்னொன்று கூடலூர். முதுமலைக்குப் பக்கத்தில், மைசூர் சாலையில் ஒரு கூடலூர். தேனி மாவட்டத்தில் கம்பம் தாண்டி, குமுளி மலைக்குக் கீழே இன்னொரு கூடலூர். மாமா போனில் "கூடலூர் வந்துட்டேன் மாப்ள, பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன்" என்றார், நானும் எங்கள் கூடலூர் பஸ் ஸ்டாண்டை மழையில் ரெண்டு சுற்று சுற்றினேன், கடைசியில் அவர் "இங்க திராட்சை நல்லா மலிவா இருக்குடா, ஒரு பெட்டி வாங்கிடவா?" என்றபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. திராட்சையா? இங்கே தேயிலையும் குறுமிளகும்தானே!

என்னைக் கேட்டால் முதல் ரகமே மேல். அதில் குழம்பியவருக்குத் தான் குழம்பியது தெரியும், கேட்டுவிடுவார். கூடலூர் விஷயத்தில் ரெண்டு பேருக்குமே சந்தேகம் வராது. இப்போதெல்லாம் மாமாவிடம் மாவட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.