உட்பக்கம் திருப்பி மாட்டப்பட்ட டயர்கள்: கோவையில் எனக்கு நேர்ந்தது

காருக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஜூலையில் என் காரின் நான்கு டயர்களிலும் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) தேய்ந்து, டயரை மாற்றச் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தைத் தொட்டுவிட்டது. 185/65 ஆர்15 அளவில், ஒரே நிறுவனத்தின் ஒரே ரக டயருக்குக் கோவையில் ஒரு கடை 5,900 ரூபாயும் இன்னொரு கடை 5,200 ரூபாயும் சொன்னது. குறைத்துச் சொன்னவர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து, அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த 1424 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டி, 2024இன் 14ஆவது வாரத்தில் தயாரான புதுச் சரக்கு என்றார். மற்ற மூன்றையும் நான் பார்க்கவில்லை. அப்போது டயருக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்ததால், பில் வேண்டாமென்றால்தான் இந்த விலை என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் வால்பாறையிலிருந்து மழையில் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதித்ததும் முன்சக்கரங்கள் பிடிக்காமல் வழுக்கின. பின்இருக்கையில் என் பிள்ளைகள் இருந்தார்கள். வேகம் குறைவாக இருந்ததால் தப்பினோம். மறுநாள் பொள்ளாச்சியில் முன்டயரில் ஏறியிருந்த ஆணியை எடுக்க நிறுத்தியபோது, பஞ்சர் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார். "தம்பி, இது எப்பங்க வாங்குனது?" என்று கேட்டபடி பட்டன் இடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்துக் காட்டினார்; உள்ளே தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. உட்பக்கத்தில் இருந்த எண் 2319. அதாவது, ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 ஜூனில் தயாரான டயர். மற்றொரு முன்டயரும் அதே வாரத்தது.

பல டயர்களில் தேதி எண் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், கார் நிற்கும்போது குனிந்து பார்த்தாலும் தெரியாது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் நாளாக நாளாக இறுகும், ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். இதைச் சொன்னபோது கடைக்காரர், "டயர் என்ன பாலா சார், கெட்டுப்போறதுக்கு?" என்றார். நிறுவனத்தின் முகவரோ முதலில் பில்லைத்தான் கேட்டார். 2,800 ரூபாய் மிச்சம் என்று நினைத்த நான், இரண்டு புது டயர்களுக்கு 11,800 ரூபாய் கொடுத்தேன்.

ஆகவே, விலையை ஒப்பிடும்போதே தயாரிப்பு வாரத்தையும் கேளுங்கள். ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நான்கு டயர்களின் எண்ணையும் நீங்களே படித்து, கைப்பேசியில் படம் எடுத்து, அவற்றின் வரிசை எண்களைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பில்லை விட்டுக்கொடுக்க அந்தக் காரணமும் இப்போது வலுவாக இல்லை. பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். என்னிடம் அது இல்லாததால்தான் கடையின் பெயரை இங்கே எழுத முடியவில்லை.