101, 501, லெவல் 7: இணையவழி வேதாகமப் படிப்புகளின் குறியீடுகள் ஓர் ஒப்பீடு

பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய அதே ரோமர் நிருபம்தான் பாடம். ஓரிடத்தில் என்.டி. 110 என்று போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் என்.டி. 520, வேறோரிடத்தில் லெவல் 5, 20 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு). எதில் சேருவது? வேதாகமம் படிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பலர் இங்கேயே குழம்பி, பெரிய எண் இருப்பதுதான் உயர்ந்த படிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புழக்கத்தில் உள்ள மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

முதலில் அமெரிக்க முறை. முன்னால் வரும் எழுத்து துறையைக் குறிக்கும். ஓ.டி. என்றால் பழைய ஏற்பாடு, என்.டி. புதிய ஏற்பாடு, டி.எச். இறையியல், சி.எச். சபை வரலாறு. எண்ணின் முதல் இலக்கம்தான் நிலை. பொதுவாக 100 முதல் 400 வரை இளங்கலை. 500லிருந்து செமினரி, அதாவது ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கான இறையியல் கல்லூரி. சில கல்லூரிகள் நான்கு இலக்கம் போடும். அங்கேயும் முதல் இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரோமர் 7ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 100 நிலையில் நிருபத்தின் 16 அதிகாரங்களையும் வாசித்து, வாதம் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதச் சொல்வார்கள். 7ஆம் அதிகாரம் அதில் ஒரு படி, அவ்வளவுதான். 300 நிலையில் அந்த அதிகாரத்தில் பேசும் 'நான்' யார் என்ற கேள்வி வரும். விசுவாசியான பவுலா, நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கீழ் இருந்த பழைய பவுலா, இல்லை இஸ்ரவேல் முழுவதுமா? ஒவ்வொரு கருத்துக்கும் உள்ள ஆதாரத்தை எடைபோட வேண்டும். 500 நிலையில் அதே கேள்வியைக் கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள்: 13ஆம் வசனம் வரை கடந்தகால வினைகளில் போனவர் 14ஆம் வசனத்திலிருந்து ஏன் நிகழ்காலத்துக்கு மாறுகிறார்? வேதப்பகுதி ஒன்றுதான். மாணவர் கையில் என்ன இருக்கிறது என்று கல்லூரி எதிர்பார்ப்பதுதான் மாறுகிறது.

அதனால்தான் எண்ணை வைத்துக் கடினத்தை அளக்கக் கூடாது என்கிறேன். செமினரிகளில் முதல் கிரேக்கப் பாடம் பெரும்பாலும் 500 வரிசையில்தான் இருக்கும். ஆனால் அது ஆல்பா, பீட்டாவிலிருந்துதான் தொடங்கும். அப்புறம், ஒரே வகுப்பை இளங்கலைக்கு 300 வரிசையிலும் முதுகலைக்கு 500 வரிசையிலும் பட்டியலிட்டு, முதுகலைக்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டுரை கேட்கும் இடங்களும் உண்டு.

பிரிட்டிஷ் முறையில் எண் கல்லூரியுடையது அல்ல, நாட்டின் தகுதிச் சட்டகத்துடையது, அதாவது படிப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் பொதுப் பட்டியலுடையது. இங்கிலாந்தில் லெவல் 4, 5, 6 என்பவை இளங்கலையின் மூன்று ஆண்டுகள். 7 முதுகலை, 8 முனைவர் பட்டம். ஒரு கல்லூரியின் லெவல் 5 இன்னொரு கல்லூரியிலும் லெவல் 5தான். இந்த ஒரு காரணத்துக்காகவே, பாதியில் கல்லூரி மாற வாய்ப்புள்ளவருக்கு இந்த முறையைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் எல்லை தாண்டினால் கவனம் தேவை. ஸ்காட்லாந்தின் லெவல் 7 பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் அதே 7 இளங்கலைப் பட்டம், இங்கிலாந்தில் முதுகலை. 'லெவல் 7 சான்றிதழ்' என்று மட்டும் விளம்பரம் சொன்னால், எந்த நாட்டின் 7 என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கிரெடிட்டும் இப்படித்தான் ஏமாற்றும். அமெரிக்காவில் 3 கிரெடிட் பாடம் என்றால் வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து ஏறக்குறைய 135 மணி நேரம். இங்கிலாந்தில் ஒரு கிரெடிட் 10 மணி நேர உழைப்பு. ஆக 20 கிரெடிட் என்பது 200 மணி. மூன்றையும் இருபதையும் பார்த்து ஏழு மடங்கு என்று நினைத்தால் கணக்கு தப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர் கிரெடிட்டை விட்டுவிட்டு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதே நல்லது.

மூன்றாவது வகை, இலவசப் படிப்புகள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று அவர்களே படிகள் வைத்திருப்பார்கள்; சிலர் 101, 201 என்றும் எண் கொடுப்பார்கள். பல இடங்களில் பாடம் நடத்துகிறவர் செமினரிப் பேராசிரியராகவே இருப்பார், தரம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஞாயிறு பள்ளி நடத்துகிறவருக்கும் வீட்டு ஜெபக்குழுவை நடத்துகிறவருக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் அங்கே 101 என்பது வெறும் வரிசை எண். முடிவில் கிடைக்கும் சான்றிதழைப் பெரும்பாலும் பட்டப்படிப்பில் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முழுநேர ஊழியத்துக்கு எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி என்ற முதுகலை) பட்டம் வேண்டும் என்றால் — அமெரிக்க, கனடிய செமினரிகளை அங்கீகரிக்கும் ஏ.டி.எஸ். அமைப்பு அதற்குக் குறைந்தது 72 செமஸ்டர் கிரெடிட் கேட்கிறது — இந்தப் பாதையில் ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் கட்டணத்துக்கு முன் சிலபஸை வாங்கிப் பாருங்கள். இந்தப் பாடத்துக்கு முன் எதை முடித்திருக்க வேண்டும், அசைன்மென்ட் என்ன, அங்கீகாரம் யாருடையது என்று அதில் இருக்கும். இல்லாவிட்டால் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.