பென்டோசன் கேப்சூல்: இரண்டரை வருடம் சாப்பிட்ட அனுபவம்

நீர்க்கடுப்பு என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா இளநீரும் வெந்தயத் தண்ணீருமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆறு மாதத்தில் ஐந்து தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்றே வந்தது. அப்புறம்தான் ஒரு யூராலஜி டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்று பெயர் சொன்னார். கிருமி இல்லாமலே சிறுநீர்ப்பையில் வலியும், அடிக்கடி சிறுநீர் போகும் உணர்வும் தரும் நாள்பட்ட கோளாறு அது. பென்டோசன் பாலிசல்ஃபேட் 100 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். பள்ளிக்கூட வேலையில் மதிய கேப்சூல்தான் பாடு. 11:30 மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிவந்து விழுங்குவேன்.

மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான்காவது மாதம் ஒரு நாள் காலையில்தான் உறைத்தது, ராத்திரி மூன்று முறைதான் எழுந்திருக்கிறேன். முன்பு எட்டு, ஒன்பது முறை. சிறுநீர்ப்பை நிரம்பும்போது வரும் வலி பாதிக்குப் பாதி குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு இருந்தது, முடியும் கொட்டியது. ரத்தம் உறைவதை இந்த மருந்து லேசாகத் தடுக்கும். அதனால் பல் பிடுங்கும் முன் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

எனக்கு ஆதங்கமெல்லாம் கண் விஷயத்தில்தான். அமெரிக்காவில் 1996ல் அனுமதி பெற்ற மருந்து இது. பல வருடம் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் நிறமாற்றம் வருவதை அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் கண் மருத்துவர்கள் 2018ல் எழுதினார்கள். 2020ல் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். எழுத்துப் படிக்கச் சிரமம், இருட்டுக்குக் கண் பழகத் தாமதம், இவை அறிகுறிகள். மருந்தை நிறுத்தினாலும் பாதிப்பு மாறாமல் போகலாம். எனக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து நானாகப் படித்துவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் படம் எடுத்தார்கள். வலது கண்ணில் சின்னதாக ஒரு புள்ளி. "மருந்து ஆரம்பிக்கும்போது எடுத்த படம் இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை. அந்தப் புள்ளி பழையதா, புதிதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மருந்து எனக்குக் கேட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் பட்டையைப் பிரிக்கும் முன்பே விழித்திரைப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இப்போது இரண்டு டாக்டர்களும் பேசி எனக்கு மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த படம் ஆவணியில்.