சொப்பன ஸ்கலிதம்: லேகியமா, சூரணமா, இரவுச் சாப்பாடா?

இருபது வயதில் எனக்கு வாரம் இரண்டு மூன்று முறை தூக்கத்தில் விந்து வெளியேறும். சென்னை வியாசர்பாடியில் ஒரே அறை வீடு. அப்பா, அம்மா, தங்கை, நான் என்று வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம். விடியற்காலை நாலு மணிக்குச் சத்தம் போடாமல் எழுந்து லுங்கியை அலசிக் காயப்போடுவேன். உடம்பு உருகிப் போகிறது என்ற பயத்தில் ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன்.

லாட்ஜ் வைத்தியரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சுவரொட்டியைப் பார்த்துப் போனேன். நாடி பிடித்துவிட்டு "நரம்பு தளர்ந்துடுச்சு, கல்யாணத்துக்கு ஆகாது" என்றார். 4,000 ரூபாய்க்கு லேபிளே இல்லாத இரண்டு லேகிய டப்பா. என்ன சேர்த்தது என்று எழுதாத மருந்தைத் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள்.

அடுத்தது அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் சந்திரபிரபா வடி என்ற ஆயுர்வேத மாத்திரையும். அமுக்கராவை இரவில் பாலில் கலந்து குடித்தேன், தூக்கம் நன்றாக வந்தது. ஸ்கலிதம் அதனால்தான் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் தொடரவில்லை, ஒரு மாதம்தான். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொட வேண்டாம். சந்திரபிரபாவில் சிலாசத்து (ஷிலாஜித்), குக்குலு பிசினோடு உலோகப் பற்பமும் (புடம் போட்ட உலோகச் சாம்பல்) உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே சாப்பிட வேண்டியது. நான் பத்து நாளில் நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதற்குக் காரணம் மருந்து இல்லை, வீடு. எந்த மருந்தானாலும் தினமும் எடுத்தால்தான் உண்டு. ஒரே அறையில் டப்பாவை எங்கே வைப்பது? அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன், தங்கை எடுத்துவிட்டாள். தனியாகப் பால் காய்ச்சினால் யாருக்கு என்று கேள்வி. மாட்டிக்கொள்வோமோ என்ற பதற்றத்திலேயே தூக்கம் கெட்டது.

மூன்றாவது வழியில் ஒளிக்க எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் பார்த்த ஆயுர்வேத மருத்துவர் சொன்னது: ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடி, பரோட்டா சால்னாவை விடு, படுக்கும் முன் சிறுநீர் கழி, மலச்சிக்கலுக்குத் திரிபலா அரை ஸ்பூன் வெந்நீரில். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், அவ்வளவுதான். அம்மா என்னவென்று கேட்டார், வயிற்றுக்கு என்றேன். மறுநாளிலிருந்து அவரும் குடிக்க ஆரம்பித்தார். டப்பா அடுப்படி அலமாரியிலேயே இருந்தது. அதனால்தான் எட்டு மாதம் விடாமல் தொடர முடிந்தது. வயிறு இளகினால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அந்த மருத்துவர் சொன்ன இன்னொன்று, எனக்கு எல்லா மருந்தையும்விடப் பெரியது. உடம்பின் இயல்பான உந்துதல்களில் அடக்கக் கூடாத வேகங்கள் பதின்மூன்று என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சொல்கிறது. சிறுநீர், தும்மல், பசியோடு விந்தும் அதில் ஒன்று. இது நோயே இல்லை தம்பி என்றார். விந்து போனால் உடம்பு போச்சு என்று வதைக்கும் பயத்துக்குத்தான் 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960-இல் மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் பெயர் வைத்தார். எனக்கு இருந்தது அதுதான்.

எது குறைத்தது, சாப்பாடா, திரிபலாவா, பயம் போனதா, வயதா? பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சிறுநீரில் எரிச்சல், வலி, இரத்தம் இருந்தால் இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போதும் மாதம் ஒருமுறை வரும். லுங்கியை மாற்றிக்கொண்டு திரும்பப் படுத்துவிடுவேன்.